சார்ஜ்மேனுக்கு நல்ல தண்ணீர்

செல்வமேரி உப்பை ஸ்பூனால் அளந்ததே கிடையாது. திருச்சியில் ஒரு பெண்கள் விடுதிச் சமையலறையில் இருபத்தாறு வருஷம் இருந்தவள். இருநூறு பிள்ளைகளுக்குச் சாம்பார் கொதிக்கும்போது டின்னுக்குள் கையை விட்டு ஒரு அள்ளு அள்ளிப் போடுவாள். ருசிகூடப் பார்க்க மாட்டாள். வார்டன் சிஸ்டர் அவளை எதெதற்கோ திட்டியிருக்கிறார். வாய் அதிகம், தேங்காய் அதிகம், கோபம் மூக்குக்கு மேலே என்று. ஆனால் உப்புக்காக அவள் ஒரு சொல் வாங்கியதில்லை. "மேரிக்கா கைக்கு உப்பு தெரியும்" என்று பிள்ளைகள் சொல்லும். அதைக் கேட்டால் இரண்டு நாளைக்குத் தலைக்கனம் தாங்காது. இருந்துவிட்டுப் போகட்டும், வேறு எதற்கும் அவளை யாரும் பெரிதாகப் புகழ்ந்துவிடவில்லை.

புருஷன் பெஞ்சமின், பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். ரிட்டயர் ஆன மனுஷர்கள் கோயில் கமிட்டியில் சேர்ந்து சண்டை போடுவார்கள், அல்லது வீட்டில் உட்கார்ந்து பெண்டாட்டியோடு சண்டை போடுவார்கள். பெஞ்சமின் இரண்டையும் விட்டுவிட்டு மீன் வளர்க்க ஆரம்பித்தார். அதிலும் ஊர் உலகம் வளர்க்கிற தங்கமீனா, கறுப்பு மீனா என்றால், அதுவும் இல்லை.

பாலக்கரையில் அவர்கள் தெருமுனையில்தான் நஸ்ருல்லாவின் மீன் தொட்டிக் கடை. ஒரு நாள் பெஞ்சமின் அங்கிருந்து மூச்சு வாங்க ஓடிவந்தார். "மேரி, ஒரு மீனு பக்கெட்டுத் தண்ணிய விட்டு மேல ஏறி, சுவத்துல ஒட்டிக்கிட்டு என்னையே பாக்குது!" என்றார். வெயிலில் தலை சுற்றியிருக்கும் என்று அவள் மோர் கலக்கினாள். அவர் மோரையும் குடித்துவிட்டு மறுபடி அதையே சொன்னார்.

முத்துப்பேட்டைப் பக்கம் ஒரு மீனவர் வலையில் சிக்கியவற்றை நஸ்ருல்லாவுக்குக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். மட்ஸ்கிப்பர் என்று நஸ்ருல்லா பெயர் சொன்னான். ஆறு கடலில் கலக்கிற இடத்துச் சேற்றில் வாழ்கிற மீன். விரல் நீளம் இருக்கும். சேற்று நிறம், தலைக்கு மேல் தூக்கிவைத்த இரண்டு முட்டைக்கண். முன் துடுப்பைக் கை மாதிரி ஊன்றி ஊன்றித் தரையில் நடக்கும், தாவும்.

ஹாலில் டி.வி. இருந்த இடத்தில் நாலடிக் கண்ணாடித் தொட்டி வந்தது. டி.வி. படுக்கையறைக்குப் போயிற்று. செல்வமேரி ஒரு வாரம் பேசவில்லை. பெஞ்சமின் அதைக் கவனித்தாரா என்பதே சந்தேகம். ரயில் பெட்டி கட்டுகிற சிரத்தையோடு தொட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் மணலைச் சரிவாகக் கொட்டி, அதில் காய்ந்த வேர் ஒன்றை நட்டார். மறுபக்கம் தண்ணீர். மேலே அழுத்தமான கண்ணாடி மூடி. தண்ணீர் நிற்க வேண்டிய உயரத்துக்கு வெளியே சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு.

"இதுக்கு முழுக் கடல் தண்ணியும் ஆகாது, முழு நல்ல தண்ணியும் ஆகாது. ரெண்டுக்கும் நடுவுல. மேல காத்தும் ஈரமா இருக்கணும், தோல் காஞ்சா மூச்சு முட்டிரும்" என்றார்.

"இவ்வளவு பவுசு எங்க வீட்டு மாப்பிள்ளைக்குக்கூட இல்லீங்க" என்றாள் அவள். அதுதான் ஒரு வாரத்துக்கு அப்புறம் பேசிய முதல் பேச்சு.

ஐந்து மீன்கள். அதில் பெரியது எப்போதும் வேரின் உச்சியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, கன்னத்தை உப்பவைத்து, கீழே மற்ற நாலும் செய்வதை மேற்பார்வை பார்க்கும். தான் ஒரு வேலையும் செய்யாது. ஒர்க்‌ஷாப்பில் பெஞ்சமினை முப்பது வருஷம் விரட்டிய மேலதிகாரி, சார்ஜ்மேன், அப்படியேதானாம். அதனால் அதற்குச் சார்ஜ்மேன் என்று பெயர். "இன்னைக்கு சார்ஜ்மேன் என்ன மூடுல இருக்காரு?" என்று காலையில் காபியோடு தொட்டி முன்னால் போய் நிற்பது பழக்கமாகிவிட்டது, இரண்டு பேருக்குமே. செல்வமேரி அதை ஒப்புக்கொள்ள மாட்டாள். கூனி இறாலை ஊறவைத்துக் கிள்ளிப் போடுவது மட்டும் எப்படியோ அவள் வேலையாகிவிட்டது.

அப்புறம் பெஞ்சமினின் கால் வீங்கியது. படுத்தால் மூச்சு முட்டியது. ஆஸ்பத்திரியில் இதயம் பலவீனமாகிவிட்டது என்றார்கள். பதினோரு நாள் வைத்திருந்து, நாலு விதமான மாத்திரை கொடுத்து, ஆகஸ்ட் கடைசியில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அனுப்பும்போது டாக்டர் அவரிடம் பேசவில்லை, அவளிடம்தான் பேசினார்.

"உப்புதாம்மா இவருக்கு விஷம். உடம்புல தங்கிரும், தண்ணியப் பிடிச்சு வச்சுக்கும், அதை இதயம் இழுக்க முடியாது. மாத்திரைய விட இதுதான் முக்கியம். உங்க கையிலதான் இருக்கு."

உங்க கையில. அவள் தலையை ஆட்டினாள்.

வீட்டில் முதல் நாள் உப்பில்லாத ரசம், உப்பில்லாத சோறு. பெஞ்சமின் இரண்டு வாய் சாப்பிட்டார். மறுநாள் ஒரு வாய். மூன்றாம் நாள் தட்டைப் பார்த்துச் சிரித்து, "பசிக்கல மேரி" என்று தள்ளிவைத்தார். அவர் குறை சொல்லியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். சண்டை போட்டிருப்பாள். இருபத்தாறு வருஷத்தில் இருநூறு தட்டில் ஒரு தட்டுகூட அவளிடம் அப்படித் திரும்பி வந்ததில்லை. இரண்டு வாரத்தில் மனுஷருக்குக் கழுத்தெலும்பு தெரிந்தது. நோய் கொல்வதற்கு முன்னால் பட்டினி கொன்றுவிடும் என்று அவளுக்குப் பட்டது.

செவ்வாய்க்கிழமை பஸ் ஏறினாள். ஸ்ரீரங்கம் தாண்டி, கொள்ளிடப் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன அந்தோணியார் கோயில். நோய் தீர உப்பும் மிளகும் காணிக்கை வைப்பது அங்கே வழக்கம். சாமியார் மந்திரித்ததும் கொஞ்சத்தைக் கோயிலில் விட்டுவிட்டு மிச்சத்தை வீட்டுக்கு எடுத்துப்போவார்கள். வாசலில் தூவுவார்கள், நோயாளியின் தலைமாட்டில் வைப்பார்கள். செல்வமேரியும் ஒரு பொட்டலம் கொண்டுவந்தாள். திரும்பி வரும்போது பஸ் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து அந்தப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தாள். டாக்டர் வேண்டாம் என்றது கடை உப்பை. இது கடை உப்பா? அந்தோணியார் தொட்ட உப்பு கெடுதல் செய்யுமா? பஸ் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து சேர்வதற்குள் அவளுக்கு விடை கிடைத்துவிட்டது. வேண்டிய விடை சீக்கிரம் கிடைக்கும்.

அன்று கஞ்சியில் ஒரு சிட்டிகை போட்டாள். ஒரே சிட்டிகைதான். பெஞ்சமின் கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டார்.

"என்ன போட்ட மேரி? வாய்க்கு நல்லா இருக்கே."

"எலுமிச்சம்பழம் புழிஞ்சேங்க."

அவர் முகத்தில் வந்த அந்தச் சிரிப்புக்காக அவள் எதையும் போட்டிருப்பாள். பொட்டலம் தீர்ந்தது. மறு செவ்வாய் இன்னொன்று வந்தது. ஒரு சிட்டிகை இரண்டாயிற்று. அப்புறம் கை எண்ணுவதை விட்டுவிட்டது. அந்தக் கைக்கு அளவு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லையே, தானாகவே பழைய அளவுக்குப் போய்ச் சேர்ந்துகொண்டது. பெஞ்சமின் நன்றாகச் சாப்பிட்டார். உட்கார்ந்து மீனுக்குத் தண்ணீர் மாற்றினார். சார்ஜ்மேனுக்குச் சல்யூட் அடித்தார். ஹோசூரிலிருந்து மகள் ஜெஸ்லின் போன் பண்ணினால், "உங்கம்மா எலுமிச்சம்பழத்துலயே என்னை ஓட்டிருவா" என்றார்.

அக்டோபரில் ஒரு நாள் காலைத் தடவிப் பார்த்தார். விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது.

"மேரி, உப்பு கிப்பு போடறியா?"

"சத்தியமா இல்லீங்க."

அவர் மறுபடி கேட்கவில்லை. நம்பினாரா, ருசிக்காக நம்பிக்கொண்டாரா, அவருக்கே வெளிச்சம்.

டிசம்பர் முதல் வாரம், வீட்டு வாசலில் கிறிஸ்துமஸ் ஸ்டார் கட்டுவதற்கு முன்னால், பெஞ்சமின் இறந்துபோனார். ஆஸ்பத்திரியில் முகத்தில் மாஸ்க்கோடு கிடந்தவர் அதை விலக்கிவிட்டு அவளைக் கூப்பிட்டார். "மீனுக்குத் தண்ணி பாத்துக்க." அவர் பேசிய கடைசி முழு வாக்கியம் அதுதான். முப்பத்து நாலு வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு அதைவிட நல்ல வார்த்தை ஒன்று வைத்திருக்கலாம் என்று அவளுக்குக் கோபம்கூட வந்தது. இளம் டாக்டர் ஒருவர் கேட்டார், "உப்பு சேக்கலதானம்மா?"

"சேக்கல டாக்டர்."

"ரொம்பப் பலவீனமான இதயம். என்ன செஞ்சிருந்தாலும் இவ்வளவுதாம்மா."

என்ன செஞ்சிருந்தாலும். அந்த இரண்டு சொல்லைச் செல்வமேரி முந்தானையில் முடிந்துகொண்டாள். முப்பதாம் நாள் பூசைக்கு முன்னால் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முழங்காலிட்டாள். அயலாரிடம் கோபப்பட்டதைச் சொன்னாள், ஞாயிறு பூசை தவறியதைச் சொன்னாள். இதைச் சொல்ல வாய் வரவில்லை. என்ன செய்திருந்தாலும் அவ்வளவுதான் என்றால் சொல்வதற்கு என்ன இருக்கிறது என்று எழுந்து வந்துவிட்டாள்.

"தொட்டிய யாருக்காவது குடுத்துட்டு எங்கூட வந்துரும்மா" என்றாள் ஜெஸ்லின்.

"அஞ்சும் அஞ்சா இருக்கற வரைக்கும் நான் எங்கயும் வரல. உங்கப்பா என்னை நம்பி விட்டுட்டுப் போயிருக்காரு."

அவர் எழுதிவைத்த நோட்டு ஒன்று இருந்தது. "தண்ணீர் குறைந்தால் கோடு வரை ஊற்றவும்" என்று ஒரு பக்கத்தில். "பாதித் தண்ணீர் மாற்றும்போது பக்கெட்டுக்கு முக்கால் டம்ளர் மீன் உப்பு" என்று இன்னொரு பக்கத்தில். குறைகிற தண்ணீருக்கு எந்தத் தண்ணீரை ஊற்றுவது என்று அவர் எழுதவில்லை. அது அவருக்குச் சொல்லித் தெரிய வேண்டிய விஷயமில்லை, அதனால் எழுதத் தோன்றியிருக்காது. செல்வமேரி இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் படித்தாள். உப்புத் தண்ணீர் மீன், உப்புத் தண்ணீர்தானே ஊற்ற வேண்டும்?

தண்ணீர் கோட்டுக்குக் கீழே போகும்போதெல்லாம் உப்புக் கரைத்து ஊற்றினாள். முதல் சில நாள் டம்ளரால் அளந்தாள். அப்புறம் கையால் அள்ளினாள். செவ்வாய்க்கிழமைப் பொட்டலத்தில் மிச்சம் இருந்ததில் ஒரு சிட்டிகையும் தூவினாள். வெயில் ஏறியதும், பாவம், புழுக்கமாக இருக்குமே என்று கண்ணாடி மூடியைக் கொஞ்சம் நகர்த்திவைத்தாள். பிறகு தண்ணீர் தினமும் ஒரு விரற்கடை இறங்கியது. தினமும் அவள் ஊற்றினாள்.

பிப்ரவரியில் ஒன்று செத்தது. ரோஜாத் தொட்டியில் புதைத்தாள். அவர் போன ஏக்கம் என்று நினைத்தாள். அதுகளுக்கும் மனசு உண்டுதானே. குருத்து ஞாயிறு முடிந்த வாரம் இன்னொன்று. இப்போது பயம் வந்தது. உப்பு பத்தவில்லையோ என்று ஒரு கை கூடுதலாகப் போட்டாள். ஏப்ரல் கடைசிக்குள் இன்னும் இரண்டு. ஒவ்வொன்றையும் கையில் ஏந்தும்போது மேலே வெள்ளையாக வழவழவென்று ஏதோ படிந்திருந்தது. "உங்க சொத்த நான் கரைச்சுக்கிட்டு இருக்கேங்க" என்று சுவரில் இருந்த பெஞ்சமின் படத்தைப் பார்த்துச் சொல்லி அழுதாள்.

மே மாதம் ஒரு காலையில் சார்ஜ்மேன் வேரின் மேல் இல்லை. மணலின் ஓரத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. கன்னம் ஒட்டியிருந்தது. செவுள் மட்டும் வேகமாக அடித்துக்கொண்டிருந்தது. அந்த மூச்சை அவள் ஏற்கெனவே பார்த்திருக்கிறாள். செருப்புக்கூடப் போடாமல் நஸ்ருல்லா கடைக்கு ஓடினாள்.

நஸ்ருல்லா வந்தான். சட்டைப்பையிலிருந்து, தண்ணீரில் உப்பளவு பார்க்கிற ஒரு சின்னக் குழாய்க் கருவியை எடுத்தான். அதன் முனையில் தொட்டித் தண்ணீர் ஒரு சொட்டு விட்டு, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிக் கண்ணில் வைத்துப் பார்த்தான். லுங்கி நுனியால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான்.

"அக்கா, இது கடல் தண்ணியை விட உப்பா இருக்கு. என்ன ஊத்துறீங்க?"

அவள் சொன்னாள். நோட்டைக் காட்டினாள்.

"ஐயோ அக்கா. வெயிலுக்குத் தண்ணிதான் ஆவியாப் போகும். உப்பு எங்க போகும்? உள்ளயே தங்கிரும். நல்ல தண்ணிதான் ஊத்தணும். நீங்க ஊத்த ஊத்த, அது ஏறிக்கிட்டே போயிருக்கு."

உள்ளயே தங்கிரும். ஆகஸ்டில் கேட்ட அதே சொல். செல்வமேரி தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப நான்தானா?"

"நீங்க பாசத்துல ஊத்துனீங்க. தெரியாமத்தானே அக்கா? மனசு விடாதீங்க. ஒரேயடியா மாத்துனா அதுவும் தாங்காது. தினமும் ரெண்டு மக்கு எடுத்துருங்க, ரெண்டு மக்கு நல்ல தண்ணி ஊத்துங்க. குழாய்த் தண்ணிய ரெண்டு நாள் பக்கெட்டுல வச்சு, பிளீச்சிங் வாடை போனதும் ஊத்துங்க. உப்பு ஒரு கல்லுகூட வேணாம். மூடிய நல்லா மூடுங்க." கிளம்பும்போது மீன் உப்பு டப்பாவை அவனே கையில் எடுத்துக்கொண்டான்.

அன்றைக்குத் தண்ணீர் ஊற்றும்போது அவள் கை தன்னால் அலமாரிக்குப் போயிற்று. டப்பா அங்கே இல்லை. வெறும் தண்ணீரை ஊற்றினாள். பச்சைப் பிள்ளைக்கு வெறும் சோறு கொடுப்பது போல மனசு கிடந்து அடித்துக்கொண்டது. ஊற்றிவிட்டு, "கர்த்தரே, இதை மட்டும் விட்டுருங்க" என்றாள்.

மூன்றாம் நாள் சார்ஜ்மேன் நிமிர்ந்து உட்கார்ந்தது. ஐந்தாம் நாள் செவுள் நிதானமாயிற்று. எட்டாம் நாள் முன் துடுப்பை ஊன்றி ஊன்றி, வேரில் பாதி வரை ஏறி, வழுக்கி விழுந்து, மறுபடி ஏறியது. பதினோராம் நாள் அவள் கையிலிருந்தே கூனி இறாலைப் பிடுங்கித் தின்றது. வேரின் உச்சிக்குப் போய்க் கன்னத்தை உப்பவைத்து உட்கார்ந்து, வேலை வாங்க ஆளில்லாத தொட்டியைச் சுற்றிப் பார்த்தது. செல்வமேரி கைதட்டினாள். டிசம்பருக்கு அப்புறம் அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

சாயங்காலம் நஸ்ருல்லா பார்க்க வந்தான். "அல்ஹம்துலில்லாஹ்! பாத்தீங்களா? நேரத்துல உப்ப நிறுத்துனீங்க, பொழச்சுக்கிச்சு. கிட்டத்தட்டப் போன உசுரு இது அக்கா. கண்டிப்பாப் போயிரும்னுதான் நான் நினைச்சேன். உங்ககிட்டச் சொல்லல."

அவள் சிரிப்பு அப்படியே நின்றது.

"முன்னாடியே நிறுத்தியிருந்தா?"

செத்துப்போன மற்ற நாலு மீனையும் பற்றிக் கேட்கிறாள் என்று அவன் நினைத்தான். பொய் சொல்லத் தெரியாத நல்லவன். "அதுங்களும் பொழச்சிருக்கும்க்கா" என்றான்.

அவன் போன பிறகு செல்வமேரி தொட்டி முன்னால் நின்றாள். என்ன செய்திருந்தாலும் இவ்வளவுதான் என்று முடிந்து வைத்திருந்தது அவிழ்ந்துவிட்டது. போகிற உயிர் என்று நினைத்தது வேர்மேல் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. மீன் செத்திருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். இப்படி ஒரு நினைப்பு வந்ததற்காகத் தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள். "நான் பொய் சொன்னேங்க. எலுமிச்சம்பழம் இல்லீங்க அது" என்று படத்தைப் பார்த்துச் சொன்னாள். யாரிடமும் சொல்லாததை அவரிடம்தான் முதலில் சொன்னாள். அவர் பாஸ்போர்ட் சைஸ் சிரிப்போடு இருந்தார்.

அப்புறம் அடுப்படிக்குப் போனாள். கொஞ்சம் அரிசி நொய் களைந்து கஞ்சி வைத்தாள். இரண்டு பல் பூண்டு போட்டாள், கொஞ்சம் சீரகம் போட்டாள். கொதித்து இறங்கும்போது வலக் கை உப்பு டின்னுக்கு நீண்டது. இடக் கையால் அதைப் பிடித்து இழுத்துக்கொண்டாள். நாற்பது வருஷ அடுப்படியில் உப்பில்லாமல் எதையும் அவள் தன் வாயில் வைத்ததில்லை. அவருக்கு உப்பில்லாமல் வைத்த அந்த இரண்டு வாரமும்கூடத் தனக்கென்று தனியாக உப்புப் போட்டு எடுத்துக்கொண்டவள்தான். அவர் என்ன சாப்பிட்டார் என்று ஒரு வாய் ருசி பார்க்கவில்லை. ருசி பார்க்காமல் சமைப்பதுதானே அவள் பெருமை.

அவருடைய கிண்ணத்தில் கஞ்சியை ஊற்றிக்கொண்டு தொட்டிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். சார்ஜ்மேன் மேலிருந்து பார்த்தது. முதல் வாய் சப்பென்று இருந்தது. இரண்டாவது வாயில் பூண்டு தெரிந்தது. மூன்றாவதில் சீரகம் தெரிந்தது. அவள் நிறுத்தாமல் கிண்ணம் காலியாகும் வரை சாப்பிட்டாள். அதன் பிறகுதான், பக்கத்து வீட்டு வஹீதா ஓடிவந்து கதவைத் தட்டுகிற அளவுக்குக் குரலெடுத்து அழுதாள்.

"என்னம்மா, என்ன ஆச்சு? மீனு போயிருச்சா?"

"இல்ல வஹீதா, மீனு நல்லா இருக்கு" என்றாள் செல்வமேரி, காலிக் கிண்ணத்தை நீட்டிக் காட்டி. "உப்பு இல்லாமலே இத சாப்பிட முடியுது."